இசுலாமியத் தமிழிலக்கியமும் இனவுணர்வுத் திறனாய்வும்

முன்னுரை

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் எவரும் நூல்களைக் காலமுறைப்படி வரிசைப்படுத்துமுன் ஒரு வினாவிற்கு விடை கண்டவராகவே தம் பணியைத் தொடங்குகின்றனர். ‘நம்மவர் யாவர்?’ என்பதே அவ்வினா. அதன் விடை முன்னுரையில் வெளிப்படக் கூறப்படுவதில்லை. இயல்களின் பாகுபாட்டிலும், தலைப்புகளிலும், புலவரைப் பாராட்டும் சொற்களிலும் மறைந்து நிற்கின்றது. சமயத்தால் ஒன்றுபட்டோரே ஓர் இனம் எனக் கொள்வாரும், மொழியால் ஒன்றுபட்டோரே ஓர் இனம் எனக் கொள்வாரும், குருதிவழியே இனத்திற்கு அடிப்படை எனக் கொள்வாரும் உளர். இவற்றுள் எதனை ஒருவர் மேற்கொள்கின்றாரோ அதற்கேற்ப அவர் முசுலிம் மக்களை நோக்கும் நோக்கும் வேறுபடுகின்றது. இவ்வேறுபாடு அரசியல் மேடையில் மட்டும் காணப்படுவதன்று. இலக்கியத் திறனாய்விலும் காணப்படுவது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இசுலாமியத் தமிழிலக்கியத்தைப் பற்றி எழுந்துள்ள கருத்துகளைக் கொண்டு இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட முடிபை முற்படக் கூறிவிடுதல் நலம். பகைமை கொண்ட இனவுணர்வு முசுலிம் புலவரை விலக்குகின்றது. நட்புக் கொண்ட இனவுணர்வு அவரைத் தழுவிக்கொள்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதே. ஆயினும் ஒரு வகையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன: இரண்டும் அப்புலவரின் நூலை நூலாகப் படியாமல், அவருடைய பற்றுக்கு உரிய சான்றாகப் படிக்கின்றன. முன்னது சான்று போதாது என்கின்றது; பின்னது போதும் என்கின்றது. சான்று கேட்பதே முறையன்று என்பது நம் கருத்து.

உம்மையின் பொருள்

‘இசுலாமியராயிருந்தும் தமிழில் பெருங்காப்பியம் இயற்றினார்’ என்னும் தொடரை நாம் பாடநூல்களிலும் மேடைகளிலும் பலகாலும் கேட்டிருக்கின்றோம். உமறுப்புலவரைப் பற்றியும் இவ்வாறு கூறுவர்; சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் வள்ளலாரின் பாடல்களுக்காக அருட்பாப் பூசலில் எழுந்து பேசியதைப் பற்றியும் இவ்வாறு கூறுவர். கூறுவோர் நல்லெண்ணம் உடையவரே, பாராட்டும் உண்மையானதே. ஆயினும் அத்தொடரில் உள்ள உம்மையை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார் நன்னூலார். அவற்றுள் எண்ணுப்பொருளும் ஒன்று. ‘கம்பரும் சேக்கிழாரும் உமறும் காப்பியம் செய்தனர்’ என்பதில் உள்ள உம்மை எண்ணும்மை. அது மூவரையும் ஒரு வரிசையில் நிறுத்துகின்றது. ‘இசுலாமியராயிருந்தும்’ என்பதன்கண் உள்ள உம்மையோ அத்தகையதன்று. ஒன்றோடொன்று பொருந்தாதன எனக் கருதப்படும் இரண்டினை அது இணைக்கின்றது. மழை பெய்திருந்தும் குளம் நிரம்பவில்லை என்னும்போது, மழைக்கும் குளம் நிரம்பாமைக்கும் இயல்பான தொடர்பு இல்லை என்பது பெறப்படும். அவ்வாறே, இசுலாமியராயிருந்தும் தமிழ்ப்புலவரானார் என்னும்போது, இசுலாமியர் இயல்பாகத் தமிழ்ப்புலவர் ஆகார் என்னும் கருத்து, கூறுவோர் கருதாமலே உள்நுழைந்து விடுகின்றது. வைணவராயிருந்தும் கம்பர் தமிழில் பாடினார் என்று எவரும் எழுதுவதில்லை. எழுதினால் படிப்போர் நகைப்பர்.

‘தொண்டு’ என்னும் சொல்லையும் இவ்விடத்தில் கருதுதல் தகும். ‘இசுலாமியர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை விளக்குக’ என்பது தமிழ்த் தேர்வுகளில் பழகிப்போன வினா. அயலிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவரின் தொண்டினைக் கூறுக என்றல் பொருத்தமே. அவர் இத்தாலி நாட்டினர். ஆனால் வீரமாமுனிவரையும் உமறுப்புலவரையும் ‘பிற சமயத்தார் தொண்டு’ என ஓர் இயலில் அடக்கும்போது, தாய்மொழியில் பாடியவர் ஒருவர் அயலவருக்கு இணையாக வைக்கப்படுகின்றார். ம. மு. உவைஸ் அவர்கள் 1953-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட முன்னோடி ஆய்வும் தமிழிலக்கியத்திற்கு முசுலிம்கள் அளித்த பங்கு என்னும் பொருள்படவே தலைப்பிடப்பெற்றது. ஒரு மொழியைத் தாய்மொழியாக உடையோர் அதன் இலக்கியத்தில் தமக்குரிய இடத்தைக் கூறுவதற்கும் ‘பங்களிப்பு’ என்னும் சொல்லையே நாட வேண்டியிருந்தது என்பது, அச்சட்டகம் எத்துணை வலிமையுடையது என்பதைக் காட்டும்.

முற்கால நிலை

இவ்வும்மை என்றும் இருந்ததன்று. இசுலாமியத் தமிழ் நூல்களுள் முழுமையாகக் கிடைத்துள்ள பழைய நூல் எனக் கருதப்படும் ‘ஆயிரம் மசலா’ வண்ணப்பரிமளப் புலவரால் 1572-இல் இயற்றப்பெற்று மதுரையில் அரங்கேறியது என்பர். உமறுப்புலவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழி வரும் செய்தி. கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் படிக்காசுப் புலவர் பாடினார். அவ்வள்ளலின் கொடை செத்தும் கொடுத்தான் என்னும் பழமொழியாகவே மக்கள் நாவில் நிலைத்தது. குணங்குடி மஸ்தான் சாகிபின் மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். காயற்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தில் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினார்.

இவற்றைக் கொண்டு அக்காலத்தே சமயப்பூசல் இலதாயிற்று என்று நாம் கூறவில்லை. கண்டன நூல்கள் எல்லாச் சமயத்தாரிடையும் எழுந்தன. நாம் கூறுவது வேறு. அக்காலத்துப் புலவரைப் பற்றி எழுந்த வினாக்கள் யாப்பு அமைந்துள்ளதா, அணி சிறந்துள்ளதா, புரந்தவர் யாவர், ஆசிரியர் யாவர் என்பனவே. அவர் தமிழர்தாமா என்னும் வினா எழவில்லை. எழுதற்கு வேண்டிய கருத்தே அன்று இல்லை. மக்களனைவரும் ஓர் இனம், அவ்வினத்திற்கு ஒரு வரலாறு, அவ்வரலாற்றிற்கு ஓர் இலக்கியம் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தபோதுதான் அவ்வினாவும் உடன் வளர்ந்தது.

சிந்தாமணியும் சீறாவும்

சீறாப்புராணம் 1842-இல் அச்சேறியது. சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் முழுமையாகப் பதிப்பித்தது 1887-இல். அச்சில் நாற்பத்தைந்து ஆண்டுகள் முற்பட்டது சீறாவே. ஆயினும் தமிழர்தம் இலக்கியச் செல்வம் என எண்ணப்பட்டவற்றுள் சிந்தாமணி பெற்ற இடத்தைச் சீறா பெறவில்லை.

சிந்தாமணி காலத்தால் முற்பட்டது, கவிச்சிறப்பு மிக்கது, ஆகவே பெற்றது என்று கூறலாம். கவிச்சிறப்பை மறுப்பார் இலர். ஆயின் வேறொன்றையும் நோக்குதல் வேண்டும். சிந்தாமணி சமண நூல். சோழமன்னன் அதனைச் சுவைத்துப் படித்தமை கண்டு சேக்கிழார் வருந்தி அவனை மாற்றினார் என்று சேக்கிழாரின் வரலாற்றைக் கூறும் பழைய நூல் உரைக்கின்றது. சைவர்க்கு அது ஒருகாலத்தே பிறர் நூலாக, விலக்கற்குரிய நூலாக இருந்தது என்பது இதனால் பெறப்படும். அத்தகைய நூல் இன்று ‘சமணராயிருந்தும்’ என்னும் அடைமொழி இன்றி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகப் பயிலப்படுகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? புதிதாக எழுந்த இனவுணர்வு தன் பழமைக்குச் சான்று தேடியது. சமண, பௌத்த நூல்கள் அப்பழமையைத் தந்தன. ஆகவே அவை சமய நூல்களாக அல்லாமல் இனத்தின் நூல்களாகப் போற்றப்பட்டன. மேலும், சமணர் தமிழகத்தில் சிறுதொகையினராகிவிட்டமையின், அவரை ஏற்பதால் எவருக்கும் அரசியற் கவலை எழவில்லை. இசுலாமியரோ பிற்காலத்தார், பழமைக்கு உதவாதார், அதே வேளையில் வாழும் மக்கள், வாக்குரிமை உடையோர், சட்டமன்ற இடத்திற்கு உரிமை கோருவோர்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒரு நூலை நம்முடையது என்றோ பிறருடையது என்றோ கொள்ளச் செய்வது அந்நூலின் சமயம் அன்று. நம்மை யாம் யாரெனக் கருதுகின்றோமோ அக்கருத்தே என்பது ஒன்று. அக்கருத்து மாறக்கூடியது என்பது மற்றொன்று. சிந்தாமணிக்கு நிகழ்ந்தது சீறாவிற்கும் நிகழலாம்.

நாட்டுப் படலம் பற்றிய வினா

இனவுணர்வு திறனாய்வில் எவ்வாறு நுழைகின்றது என்பதற்குச் சீறாப்புராணத்து நாட்டுப் படலம் தக்க எடுத்துக்காட்டாகும். ஐயாயிரத்திற்கு மேற்பட்ட விருத்தங்களால் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக அமைந்த இக்காப்பியத்தில், உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழ்நாட்டு மருதநிலம் போலப் புனைந்துள்ளார். மழை பொழிகின்றது; வெள்ளம் பெருகுகின்றது; உழவர் வயலில் இறங்குகின்றனர்; நெல் விளைகின்றது.

இதனைக் கண்ட திறனாய்வாளர் இருவகையாகக் கூறுவர். பாலைவன நாட்டில் ஆறும் வயலும் ஏது, இது வழுவன்றோ என்பார் ஒரு சாரார். இதனால் உமறு உள்ளத்தால் தமிழரே என்பது விளங்கும், தம் சமயத்தின் பிறப்பிடத்தையும் அவர் தமிழாக்கிவிட்டார் என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்று இனிமையாகவே உள்ளது. ஆனால் இருவரும் ஒரு நிலத்தின்மீது நின்றே வழக்காடுகின்றனர். அவர்களுக்கு நாட்டுப் படலம் புலவரின் நாடு எது என்பதற்குச் சான்று.

கம்பரை நோக்குக. சரயு பாயும் கோசல நாட்டை அவர் காவிரி நாடு போலவே புனைந்தார். அதனைக் கொண்டு கம்பர் தமிழரே என்று நிறுவ முற்பட்டார் எவரேனும் உளரோ? இலர். நிறுவ வேண்டிய தேவை எழவில்லை. காப்பிய இலக்கணம் மலை, கடல், நாடு, நகர் முதலியவற்றின் வருணனையை வேண்டுகின்றது. ஆகவே கம்பர் நாட்டைப் பாடினார். தாம் கண்ட நிலத்தின் அழகால் பாடினார் என்று கூறி நாம் கவிநயத்தை ஆராயப் புகுகின்றோம். கம்பரை நோக்கி எழாத வினா உமறை நோக்கி மட்டும் எழுவது ஏன்? அவ்வினாவை விடுத்து நோக்கின் வேறு பல வினாக்கள் எழும். நபிகள் பிறப்பதற்குமுன் நாட்டின் வளத்தைக் கூறுவது கதையமைப்பில் எப்பயன் தருகின்றது? பின்வரும் வறண்ட வழிப்பயணங்களோடு அது எவ்வாறு முரணிச் சுவை பயக்கின்றது? கம்பரின் விருத்த நடையை உமறு எங்கே பின்பற்றுகின்றார், எங்கே விலகுகின்றார்? இவையே திறனாய்வாளர்க்கு உரிய வினாக்கள்.

மொழிவழி இனக் கொள்கை

இருபதாம் நூற்றாண்டில் மொழியே இனத்திற்கு அடிப்படை என்னும் கொள்கை தமிழ்நாட்டில் வலுப்பெற்றது. சமயத்தையும் இனத்தையும் ஒன்றெனக் கொண்ட பார்வையினும் இது முசுலிம்களுக்கு அகன்ற இடம் தந்தது என்பதில் ஐயமில்லை. 1938-இல் எழுந்த இந்தி எதிர்ப்பில் பி. கலிபுல்லா போன்ற முசுலிம் தலைவர்கள் பங்கு கொண்டனர். பா. தாவூத்ஷா தம் ‘தாருல் இஸ்லாம்’ இதழ் வழியாக நல்ல தமிழில் சமயக் கருத்துகளை எழுதினார். 1973-இல் திருச்சிராப்பள்ளியில் இசுலாமியத் தமிழிலக்கிய மாநாடு கூடியது. இவையெல்லாம் அக்கொள்கை நிலவிய சூழலில் விளைந்த நன்மைகள்.

ஆயினும் அக்கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு. மொழி இனத்தின் அடையாளமாகும்போது, தூய மொழி தூய இனத்தின் அடையாளமாகின்றது. அதனால் இசுலாமிய நூல்களுள் கம்பனைப் போலும் நடையுடையன மட்டும் பாராட்டப்படுகின்றன. மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா என அரபு, பாரசீகப் பெயர் தாங்கிய சிற்றிலக்கிய வகைகள் பெயரளவில் பட்டியலிடப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் தமிழ்த்துறைகளின் பார்வைக்கே பெரும்பாலும் வருவதில்லை. ‘ஆயிரம் மசலா’வின் கதை சாவக மொழியிலும் மலாய் மொழியிலும் வழங்கியமையை ரோனித் ரிச்சி 2011-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ் கடல்கடந்த ஒரு பெருவட்டத்தில் எவ்விடம் பெற்றது என்பதை அறிய உதவும் நூல் அது. நம்மைப் போல் இருக்கின்றாரா என்னும் ஒரே அளவுகோலைக் கொண்டோர்க்கு இச்செய்தி பயன்படுவதில்லை.

இக்கால நாவல்களிலும் இந்நிலை தொடர்கின்றது. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் வெளிவந்தது. ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இவற்றை முசுலிம் வாழ்வை நாம் அறியத் திறந்த சாளரம் என்று பாராட்டுவர் பலர். ‘நாம்’ என்னும் அச்சொல்லில் முசுலிம் படிப்பாளர் அடங்கவில்லை என்பதை எண்ணுவார் சிலரே. செல்வமும் குடிப்பெருமையும் சமயத்தைத் தமக்கு அரணாகக் கொள்ளும் வகையை முதல் நாவல் காட்டுகின்றது. அது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

ஈழத்து வழக்கு

மொழிவழி இனக் கொள்கை முசுலிம்களின் இசைவைக் கேளாமல் அவர்களைத் தழுவிக்கொள்ளும்போது விளைவது யாது என்பதை ஈழத்து வரலாறு காட்டுகின்றது. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் மொழியாலும் வழக்கங்களாலும் தமிழரே, சமயத்தால் மட்டும் வேறுபட்டோர் என்பது அதன் சாரம். சட்டநிரூபண சபையில் முசுலிம்களுக்குத் தனி இடம் வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்திருந்த காலம் அது. 1889-இல் அவ்விடமும் அளிக்கப்பட்டது. இராமநாதன் கூற்றை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907-இல் ஒரு நூல் வெளியிட்டு, சோனகர் அரபு வழியினர் என வாதிட்டார்.

மொழி, உடை, திருமண வழக்கம், குருதிவழி என்பனவெல்லாம் இவ்வழக்கில் அரசியல் இடத்திற்குரிய சான்றுகளாயின. இதில் வியத்தற்குரியது ஒன்றுண்டு. அம்மக்களின் தனி விழிப்புணர்ச்சி தமிழிலேயே நிகழ்ந்தது. சித்திலெவ்வை 1882-இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழ் இதழ். அவர் 1885-இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. தமிழை அவர்கள் துறக்கவில்லை. தம்மைப் பிறர் வரையறுப்பதையே ஏற்கவில்லை. மொழி உறவைக் காட்டும். உறவு உரிமைப்பத்திரம் ஆகாது.

பிற்காலத்தே இதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. மொழியால் ஒன்றுபட்ட இனத்தின் பெயரால் போரிட்ட விடுதலைப்புலிகள், 1990 அக்டோபரில் வட மாகாணத்து முசுலிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். அவர்கள் 70,000-க்கு மேற்பட்டோர் என்பது பொதுவான கணக்கு. வெளியேற்றப்பட்டோர் பேசியது தமிழே. ‘நீங்களும் தமிழர்’ என்னும் உம்மை எளிதில் ‘தமிழ் பேசியும் பகைவர்’ என்னும் உம்மையாக மாறியது. தழுவுதலும் விலக்குதலும் பற்றுச்சான்று ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அளப்பவரின் மனநிலை மாறும்போது தீர்ப்பும் மாறும்.

அதே மண்ணில் எழுந்த ஒரு கவிதையை இங்குக் கருதுவோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதைப் பொருளாகக் கொண்டு எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதை எழுதினார். முசுலிம் கவிஞர் ஒருவரும் தமிழர் துயரைப் பாடினார் என்று அதனைப் பாராட்டுவதுண்டு. இப்பாராட்டு கவிதையைத் தொடவேயில்லை. நூலகத்தை எரித்தோர் எவர் பெயரால் ஆட்சி செய்தனரோ அப்புத்தரே சுடப்பட்டு நூல்களோடு எரிக்கப்பட்டதாகப் படைத்தமையே அக்கவிதையின் திறம். குற்றஞ்சாட்டுவோரின் குரலை உயர்த்தாமல், குற்றவாளிகள் வணங்கும் திருவுருவையே குற்றத்திற்கு இலக்காக்கி நாணச் செய்கின்றது அது. கவிஞரின் சமயத்தைப் பேசி நிற்போர்க்கு இத்திறம் புலப்படாது.

தடையும் விடையும்

இசுலாமியத் தமிழிலக்கியம் என்னும் தனிப் பிரிவையே நீக்கிவிட வேண்டும் என்பதோ நும் கருத்து என வினவுவார் உளராகலாம். அன்று. சிறப்பாய்வு வேறு, பொது வரலாறு வேறு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் இருவரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1986 முதல் வெளியிட்ட ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ போன்ற தொகுதிகள் இன்றேல் இந்நூல்களுட் பல நம் கண்ணிற்கே பட்டிரா. அவை மேலும் பெருகுதல் வேண்டும். பொது வரலாற்றிலோ, ஒவ்வொரு நூலும் தன் காலத்திலும் தன் வகையிலும் வைத்து ஆராயப்படுதல் வேண்டும். சீறா தன் காலத்துப் புராணங்களோடும், காசிம் புலவர் திருப்புகழ் வண்ணப்பாடல்களோடும், குணங்குடியார் பாடல்கள் தாயுமானவர், சித்தர் பாடல்களோடும் ஒருசேர வைக்கப்படுமாயின் ஒப்பீடு தானே எழும்.

இனவுணர்வின்றி இலக்கிய வரலாறே எழுத இயலாதே என்பார் கூற்றில் உண்மை உண்டு. இழந்த நூல்களைத் தேடச் செய்ததும், பல்கலைக்கழகங்களில் தமிழுக்கு இடம் பெற்றுத் தந்ததும் அவ்வுணர்வே. தேடுவதற்கு அது துணை. அளப்பதற்கு அது கோல் ஆகாது என்பதே நாம் கூறுவது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சமயவழி இனக் கொள்கை முசுலிம் புலவரை அயலவராக்கியது என்பதும், மொழிவழி இனக் கொள்கை அவரை உறவினராக்கியும் உறவிற்குச் சான்று கேட்டது என்பதும், அச்சான்று கேட்கும் வழக்கம் திறனாய்வைக் கவிதையினின்று விலக்கியது என்பதும், ஈழத்தில் அதன் விளைவு ஏட்டோடு நில்லாது வாழ்வையும் தாக்கியது என்பதும் புலனாகும்.

தமிழ் வகுப்புகளில் முசுலிம் மாணவரும் அமர்ந்திருக்கின்றனர். இசுலாமியர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை விளக்குக என்னும் வினாவிற்கு விடை எழுதும்போது, அம்மாணவர் தம்மைப் பற்றியே பிறரைப் பற்றி எழுதுவதுபோல் எழுத நேர்கின்றது. ‘சீறாப்புராணத்தின் காப்பிய அமைப்பைக் கம்பராமாயணத்தோடு ஒப்பிட்டு ஆராய்க’ என்று வினாவை மாற்றுவதற்குப் பெருமுயற்சி எதுவும் வேண்டா. வினாத்தாள் அமைப்போரும் பாடநூல் எழுதுவோரும் இவ்வொரு மாற்றத்திலிருந்து தொடங்குவார்களாக. அவ்வும்மை எண்ணும்மையாகட்டும்.